தொக்கணத் தொழிலும் சர்க்கார் சன்னதும்

தாமிரபருணியாறு பொதிகையிற் பிறந்து, அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை, ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் முதலிய ஊர்களைக் கடந்து கடலோடு கலக்குமிடத்திலே புன்னைக்காயல் என்னும் பட்டினம் இருக்கின்றது. அவ்வூரைப் பற்றிப் பேசுவோர் முத்துக்குளிப்பையும், தமிழர் அண்டிரிக் அடிகளார் என்று வழங்கும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியாரையும், அவர் 1586-ம் வருஷத்தில் அச்சேற்றிய அடியார் வரலாற்றையும் பேசி முடித்துவிடுவது வழக்கம். அவை யாவும் பெருமைக்குரியனவே, மறுப்பாரில்லை. எனினும் நமது மருத்துவர் குலத்தார் நின்று கவனிக்கத்தக்க செய்தி வேறொன்று அங்கே உண்டு. 1547-ல் இக்கரைக்கு வந்து 1600-ல் காலஞ்சென்ற அப்பாதிரியார், 1550-களில் ஊராருடைய தருமத்தைக் கொண்டு ஏழை நோயாளர்க்கென்று புன்னைக்காயலில் ஒரு வைத்தியசாலையை நிலைநாட்டினார். அச்சுப் பொறிக்கு முன்பே அவ்வூர் நோயாளியின் படுக்கையைக் கண்டது என்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்?

நோயாளியின் படுக்கை யென்றால் வைத்தியர் ஒருவர் மாத்திரம் போதாது. புண் கழுவுவோர், மயிர் களைவோர், கைகால் பிடித்துவிடுவோர், எண்ணெய் காய்ச்சித் தேய்ப்போர் வேண்டும். கடற்றொழில் செய்யும் ஊரிலோ இது பின்னும் அதிகம். முத்துக்குளிப்போன் கல்லைக் காலிற் கோத்துக்கொண்டு ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிஷ நேரம் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி மேலே வருவான். ஒரு நாளைக்குப் பல முறை இவ்வாறு செய்வான். படகிலிருந்து கயிறு இழுப்பவனுக்குத் தோளும் இடுப்பும் இற்றுப்போகும். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இக்கரையைக் கண்ட வெனிஸ் வணிகராகிய மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பின் வருமானம் எவ்வாறு பங்கிடப்பட்டதென்று எழுதும்போது, அரசனுக்குப் பத்தில் ஒன்றும், சுறாமீன் வாயைக் கட்டும் மந்திரக்காரனுக்கு இருபதில் ஒன்றும் கொடுக்கப்பட்டதாகக் குறித்திருக்கிறார். குளித்தெழுந்தவனுடைய உடம்பைத் தேய்த்துச் சூடேற்றி, மறுநாளும் அவனைக் கடலில் இறங்கச் செய்த கைகளுக்கு என்ன பங்கு என்பதை அவர் குறிக்கவில்லை. மந்திரத்துக்குப் பங்குண்டு, கைத்தொழிலுக்குக் கூலியே என்பது உலக வழக்கம் போலும்!

ஆனால் நமது முன்னோர் எங்குமே குறிக்கப்படவில்லை என்று எண்ணிவிடலாகாது. காஞ்சிபுரத்துக்கு அணித்தாகப் பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயிற் சுவரில், 11-ம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துச் சாசனமொன்று காணப்படுகிறது. கோயிலைச் சார்ந்த வீரசோழன் ஆதுலசாலையில் 15 படுக்கைகள் இருந்தனவென்றும், வைத்தியர் ஒருவர், சல்லியக்கிரியை செய்பவர் ஒருவர், மருந்துக்கு வேண்டிய வேர் தழை முதலியன கொண்டுவருவோர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர் என இன்னின்னார் வேலை பார்த்தனரென்றும், அவரவர்க்கு இவ்வளவு நெல் என்றும் அது விவரமாய்க் கூறுகின்றது. ஆதுலசாலையில் இருப்பு வைத்த மருந்துகளின் வரிசையில் தைலங்களும் சேர்ந்திருக்கின்றன. நாவிதர் பெயர் கோயிற் பணியாளரோடு மட்டும் நிற்காமல் வைத்தியசாலைப் பணியாளரோடு கல்லிலே வெட்டப்பட்டிருப்பதை நமது பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும். கல்வெட்டு வாசிக்கத் தெரியாவிடினும், அக்கோயிலுக்கு ஒருமுறை அழைத்துச் சென்று சுவரையாவது தொட்டுப் பார்க்கச் செய்யலாம்.

இஃது இந்நாட்டுக்கு மட்டும் உரிய ஏற்பாடன்று. ஐரோப்பாவிலும் இரத்தம் வாங்குதல், கட்டி அறுத்தல், எலும்பு கட்டுதல் ஆகிய தொழில்கள் நாவிதர் கையிலேயே நெடுங்காலம் இருந்தன. லண்டன் நகரத்தில் நாவிதரும் சல்லிய வைத்தியரும் 1540-ல் அரசன் எட்டாம் ஹென்றியின் ஆதரவில் ஒரே சங்கமாயினர். 1745-ல் சல்லிய வைத்தியர் பிரிந்து சென்றனர். பிரிந்தவர் இன்று உலகெங்கும் பெருமதிப்புப் பெற்றிருக்க, பிரியாதவர் கத்தியும் சீப்புமாய் நின்றுவிட்டனர். பிரிவினைக்குக் காரணம் கைத்திறமையில் ஏற்றத்தாழ்வன்று. ஒரு சாரார் பாடசாலையும் பரீட்சையும் பட்டமும் ஏற்படுத்திக்கொண்டனர். மற்றொரு சாரார் தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வித்தையைக் கொடுப்பதோடு திருப்தியடைந்தனர். நமது குலத்தின் சரித்திரமும் இதுவே யாகும். நமக்கு நேர்ந்தது மிகவும் பின்னால், மிகவும் விரைவாக.

வைத்தியஞ் செய்வோர்க்குச் சன்னது வேண்டுமென்னும் கொள்கை இந்தியாவில் ஆங்கிலேயரோடு வந்ததென்று சிலர் நினைக்கின்றனர். அவர்களுக்கு முன்பே, 1618-ல் கோவா நகர சபையார், பரீட்சை கொடுத்துத் தேறாதவர் வைத்தியம் செய்யலாகாதென்றும், இந்து வைத்தியர் தொகை முப்பதுக்கு மேற்படலாகாதென்றும் கட்டளை பிறப்பித்தனர். பரீட்சிப்பவர் போர்த்துகீசிய வைத்தியத் தலைவர். பரீட்சிக்கப்படுபவர் இந்நாட்டு வைத்தியர். அன்று தொடங்கிய இந்த ஏற்பாடு, ஆட்சி மாறினும் பாஷை மாறினும், அடிப்படையில் அதிகம் மாறவில்லை.

நிற்க. தொக்கணம் என்பது யாது? சித்த வைத்திய நூல்கள் புறமருத்துவ முறைகளை முப்பத்திரண்டாக வகுத்து, அவற்றுள் ஒன்றாகத் தொக்கணத்தை வைத்திருக்கின்றன. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம் முதலியவற்றோடு அதுவும் ஒன்று. அதன் செய்கை ஒன்பது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். வாத நோயே இதற்கு முக்கிய விஷயம். எண்ணெயின்றிச் செய்வதும் உண்டு. உளுந்துத் தைலம், வாதகேசரித் தைலம் முதலியவற்றோடு செய்வதும் உண்டு. நம் வீட்டுப் பெரியவர் இந்த ஒன்பது பெயர்களைச் சொல்லிக் கேட்டவர் சிலரே. ஆனால் அவருடைய கை ஒன்பதையும் அறியும். பேறுகாலம் கழிந்த தாய்க்கும் பிறந்த சிசுவுக்கும் எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடும் நமது மருத்துவச்சியின் கை, நூல் சொல்லாத பத்தாவதொன்றையும் அறிந்திருந்ததென்பது எமது எண்ணம்.

மருத்துவச்சி என்னும் பெயரைச் சற்று ஆராய்வோம். ஆண்மகனை அம்பட்டன் என்று எழுதிய சர்க்கார் காகிதங்களுங்கூட அவன் மனைவியை மருத்துவச்சி யென்றே குறிக்க நேர்ந்தது. 1909-ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டன் துரையின் தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய பெருநூலிலும், நம் ஆடவர் வைத்தியம் செய்வதும் நம் பெண்டிர் பிரசவம் பார்ப்பதும் குறிக்கப்பட்டுள்ளன. நாஞ்சில் நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பரியாரி யென்னும் ஒரே சொல் வைத்தியரையும் நாவிதரையும் சுட்டும். பரிகாரம் செய்வோன் பரியாரி. இவ்வளவு தெளிவாகப் பெயரே சாட்சி சொல்லும்போது, நமது குலத்தார் மருத்துவர் என்னும் பெயரைக் கேட்டதற்கு ஏளனம் செய்தவர்கள் தமிழ் அறியாதவர்களே யாவர்.

நாம் முதலில் இழந்தது பிரசவத் தொழிலை. சென்னையில் எழும்பூர்ப் பிரசவ வைத்தியசாலை 1844-ல் ஏற்பட்டது. அங்கே தாதிமாருக்குப் பயிற்சி தொடங்கியது. 1903-ல் கர்ஸன் சீமாட்டி, விக்டோரியா மகாராணியின் ஞாபகார்த்தமாக, பரம்பரை மருத்துவச்சிகளுக்கே சுத்தமான முறைகளைக் கற்பிக்க ஒரு நிதி ஏற்படுத்தினார். நோக்கம் நல்லதே. கத்தியைக் கொதிநீரில் இடாமல் கொப்பூழ்க்கொடி அறுத்ததால் எத்தனையோ சிசுக்கள் மாண்டன என்பதை ஒளிக்க வேண்டுவதில்லை. ஆனால் அந்தப் பயிற்சிக்கு நம் பெண்களில் மிகச் சிலரே சென்றனர். வீட்டு வேலை, கூச்சம், படிப்பின்மை, போனால் பாரம்பரியம் கெடுமென்ற மூத்தோரின் தடை ஆகிய இவையெல்லாம் சேர்ந்தன. 1926-ல் சென்னை மாகாணத்துத் தாதியர், மருத்துவச்சிகள் சட்டம் பிறந்தது. அதன்பின் மருத்துவச்சி யென்னும் பெயர் பதிவுப் புஸ்தகத்தில் இடம்பெற்றவருக்கு உரியதாயிற்று. நமது வீட்டு மருத்துவச்சி தன் பெயருக்கே அயலாளானாள். பயின்ற மருத்துவச்சி மீது எமக்குக் குறையொன்றுமில்லை. அவ்விடத்தில் நம் பெண் நின்றிருக்கலாமே யென்பதே துக்கம்.

வைத்தியத்திலும் இதற்கு முன்பே கதவு மூடத் தொடங்கிற்று. 1914-ம் வருஷத்துச் சென்னை வைத்தியப் பதிவுச் சட்டம் மேல்நாட்டு வைத்தியம் கற்றவரையே பதிவுக்குரியவராக ஏற்றுக்கொண்டது. நாட்டு மருந்துகளை ஆராயும்படி நியமிக்கப்பட்ட டாக்டர் கோமன் 1918 முதல் வெளியிட்ட அறிக்கைகள் நாட்டு வைத்தியத்துக்குச் சாதகமாயில்லை. வைத்தியர்கள் கொதித்தெழுந்தனர். அதன் பலனாக 1921-ல் முகம்மது உஸ்மான் சாகிப் தலைமையில் கமிட்டி யொன்று நியமிக்கப்பட்டு, காப்டன் ஜி. ஸ்ரீனிவாசமூர்த்தி காரியதரிசியாயிருந்து, 1923-ல் அறிக்கை வந்தது. 1925 ஜனவரியில் சென்னையில் இந்திய வைத்தியப் பாடசாலை திறக்கப்பட்டது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி என்னும் மூன்றும் அங்கே கற்பிக்கப்பட்டு, தேறினவர்க்கு எல்.ஐ.எம். என்னும் பட்டம் அளிக்கப்பட்டது. வடமொழி வைத்தியமே வைத்தியமென்று பலர் வாதித்த அந்நாளில், தமிழ்ச் சித்த வைத்தியத்தின் பொருட்டு ஓயாது வாதாடியவர்களுள் பண்டித எஸ். எஸ். ஆனந்தம் ஒருவர், அவர் நமது குலத்தவர், நம் குலத்துச் சங்கப் பணியிலும் முன்னின்றவர்.

இந்தப் பாடசாலையால் நாட்டு வைத்தியம் பிழைத்தது, மறுக்கவில்லை. ஆயினும் உள்ளே சென்றவர் யார்? பள்ளிக்கூடப் படிப்பு முடித்தவர். ஏட்டு வித்தை மேலே வந்தது, கைவித்தை கீழே நின்றது. மருந்தின் பெயரைச் சொல்பவர் வைத்தியரானார். மருந்தை உடம்பில் ஏற்றுபவர் வேலையாளானார். தொக்கணம் பாடப் புஸ்தகத்தில் சில பக்கங்களாகச் சுருங்கிற்று. அப்பாடசாலை 1960-ல் மேல்நாட்டு வைத்தியத்துக்கே உரியதாகி, இப்போது கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாய் விளங்குகின்றது.

பிற தேசங்களில் இதே கைத்தொழிலுக்கு நேர்ந்ததைச் சற்றே பார்ப்பது நலம். பாட்னாவிற் பிறந்த தீன் முகம்மது என்பவர் இங்கிலாந்திலே பிரைட்டன் நகரில், மூலிகை ஆவியில் நோயாளரை இருத்தி உடம்பு பிடித்துவிடும் சாலை நடத்தினார். 1822-ல் அதைப் பற்றி நூலும் எழுதினார். நான்காம் ஜார்ஜ் மன்னருக்கே தொக்கண வைத்தியராக நியமனம் பெற்றார். அமுக்குதல் என்று பொருள்படும் ஹிந்துஸ்தானிச் சொல்லே ஷாம்பூவென்று மாறி, இப்பொழுது தலைக்குத் தேய்க்கும் நுரைக்குப் பெயராயிருக்கிறது. நம் நாட்டுக் கைத்தொழில் சீமைக்குப் போய்ப் புட்டியில் அடைபட்டுத் திரும்பிற்று!

1894-ல் லண்டன் நகரத்தில், உடம்பு பிடிக்கும் சாலைகள் என்ற பெயரால் ஒழுக்கக்கேடு நடக்கிறதென்று வைத்தியப் பத்திரிகை யொன்றில் பெருங்கூச்சல் எழுந்தது. அத்தொழிலை நேர்மையாய்ச் செய்துவந்த தாதிப் பெண்கள் நால்வர் ஓடி ஒளியவில்லை. அதே வருஷத்தில் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்து, பாடத்திட்டமும் பரீட்சையும் ஒழுக்க விதிகளும் வகுத்தனர். 1920-ல் அரசருடைய சாசனம் அவர்களுக்குக் கிடைத்தது. இயன்முறை வைத்தியர் என்று நாம் மதிப்போடு அழைப்போரின் பிரிட்டிஷ் சங்கத்துக்கு மூலம் இதுவே. பழிச்சொல்லுக்கு விடை பரீட்சை யென்று அந்த நால்வரும் கண்டது எமக்கு வியப்பைத் தருகிறது. ஜப்பான் தேசத்திலோ உடம்பு பிடிக்கும் தொழில் கண்ணிழந்தோர்க்கு உரியதாய் இருந்தது. 17-ம் நூற்றாண்டில் சுகியாமா வாயிச்சி என்னும் கண்ணிழந்த வைத்தியர் அவர்களுக்கென்று பாடசாலைகள் ஏற்படுத்தினார். அவர்களுடைய பழைய சங்கத்தை 1871-ல் அரசாங்கம் கலைத்தது. 1911-ல் சன்னது முறை கொண்டுவந்தபோது, கண்ணிழந்தோர்க்கு எளிதான தனிப் பரீட்சை வைத்து அவர்களுடைய பிழைப்பைக் காத்தது. பரம்பரைக் கைகளுக்கு இவ்வாறு ஒரு படிக்கட்டு வைத்துக் கொடுக்கவேண்டுமென்று சென்னை இராஜதானியில் 1914-ல் சட்டமியற்றியவர்களுக்குத் தோன்றவில்லை.

சுதந்தரத்திற்குப் பின் நடந்தவை சுருக்கமாக: 1964-ல் பாளையங்கோட்டையில் அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் அதே ஆற்றங்கரையில், மேலே சில காத தூரத்தில் அது இருக்கின்றது. 1970-ல் இந்திய மருத்துவ மத்திய கவுன்சில் சட்டம் நிறைவேறி, அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் பதிவுமின்றிச் சித்த வைத்தியம் செய்தல் கூடாதென்று விதித்தது. ஏற்கெனவே பதிவேட்டில் இருந்தோர் உரிமையைக் காத்தது. கேரளத்துப் பரம்பரை வைத்தியர்கள் தொடுத்த வழக்கில், 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அங்கீகாரம் பெற்ற தகுதியில்லாதவர் வைத்தியம் செய்யலாகாதென்று தீர்ப்பளித்தது. 1970-ம் வருஷத்துச் சட்டத்தின் இடத்தில் 2020-ல் வேறு சட்டம் வந்தது. பதிவு வேண்டுமென்னும் விதி மாறவில்லை. என் பாட்டனார் வைத்தியர், என் தகப்பனார் வைத்தியர், ஆகவே யானும் வைத்தியன் என்னும் வாதம் நீதிமன்றத்தில் இனி எடுபடாது. இத்தீர்ப்பை நாம் கசப்பாக எண்ணலாம். ஆனால் அறியாதவர்போல் இருப்பது ஆபத்து.

இனித் தொக்கணத்தின் நிலை. தொக்கணத் தொழிலுக்கென்றே தனிச் சன்னது அளிக்கும் அகில இந்தியச் சட்டம் எதுவும் இல்லை. இதனால் இரண்டு தீங்குகள் விளைகின்றன. ஒன்று, நேர்மையானவனும் போலியும் ஒரே தெருவில் ஒரே பலகை மாட்டலாம். மற்றொன்று, போலிகளால் வரும் பழி முழுவதும் தொழிலின் மேல் விழுகிறது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்து நீதிபதி ஒருவர், உடம்பு பிடிக்கும் நிலையங்களில் கண்காணிப்புக் காமிரா வைக்க வேண்டுமென்றார். 2022 ஜனவரியில் மற்றொரு நீதிபதி, அது மனிதருடைய அந்தரங்க உரிமைக்கு மாறானது என்றார். லண்டன் நகரத்தில் 1894-ல் எழுந்த கூச்சல் நம் ஊர் வாசலில் இப்போது கேட்கிறது. கடற்கரை யூர்களிலிருந்து கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் இவ்வேலைக்குச் செல்லும் நம் இளைஞர்களிடம், கையை யார் பார்க்கிறார்கள்? காகிதத்தைக் கேட்கிறார்கள். காகிதம் இல்லாத திறமையாளன் பாதிச் சம்பளத்துக்கு இசைகிறான். அல்லது தரகர் விற்கும் போலிச் சான்றிதழைக் கடன் வாங்கிக் கொள்முதல் செய்து, அயல்நாட்டில் அகப்பட்டு அவமானப்படுகிறான்.

ஆனால் நேர்வழி யொன்று திறந்தே யிருக்கிறது. அதை நம்மவர் அறியாதிருப்பதே எமக்கு வருத்தம். தமிழ்நாட்டு அரசாங்கத்தின் இந்திய மருத்துவத் துறையார், பாளையங்கோட்டை அரசினர் சித்த மருத்துவக் கல்லூரியிலும் சென்னை அரும்பாக்கத்திலும் நர்ஸிங் தெரபி என்னும் டிப்ளமோப் படிப்பை நடத்தி வந்திருக்கின்றனர். இரண்டரை வருஷப் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் விஞ்ஞானப் பாடங்கள் கற்றுத் தேறியவர்க்கு உரியது. அரசாங்கச் சித்த வைத்தியசாலைகளில் சிகிச்சை உதவியாளர் என்னும் உத்தியோகத்துக்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், இந்த டிப்ளமோவையே தகுதியாகக் கேட்டிருக்கிறது. தொக்கணம், ஒற்றடம், வேது, பற்று முதலியவற்றை வைத்தியருடைய உத்தரவின்படி நோயாளிக்குச் செய்வதே அவ்வுத்தியோகம். டிப்ளமோ பெற்றவர் தாமே வைத்தியராகி மருந்தெழுத முடியாது; அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஆயினும் திருமுக்கூடற் சாசனத்தில் நமக்கிருந்த இடம் வைத்தியசாலைக்குள்ளேதான்.

நம் வீட்டில் கற்றதற்கு மேல் அங்கே என்ன கற்பிப்பார்களென்று சில பெரியோர் கேட்கக்கூடும். தொடத் தெரிந்தவனுக்குத் தொடாதிருக்கும் சமயத்தையும் கற்பிப்பார்கள். காலில் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாய் வலிக்கும்போது, அது தசை வலியென்று எண்ணி அமுக்கினால், நாளத்தில் உறைந்திருக்கும் இரத்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து ஆளையே கொன்றுவிடலாம். ஜுரத்திலும், எலும்பு முறிவிலும், புதுப் புண்ணிலும் கை வைக்கலாகாது. கர்ப்பவதிகளுக்கு விதி வேறு. சர்க்கரை வியாதியால் பாதத்தில் உணர்ச்சியற்றவனுக்கு ஒற்றடத்தின் சூடு தெரியாது. வெந்துபோன பின்பே தெரியும். வர்மஸ்தானங்கள் 108 என்று ஆசான்மார் எண்ணுவதன் கருத்தும், அவ்விடங்களில் முரட்டுக் கை படலாகாதென்பதன்றோ? நம் மூதாதையரில் தேர்ந்தவர் இவற்றை அனுபவத்தால் அறிந்திருந்தனர். தேராதவரும் நம்மிடையே இருந்தனர். யார் தேர்ந்தவர், யார் தேராதவர் என்பதை ஊரார் ஒரு தலைமுறை காலம் பார்த்து அறிந்தார்கள். அயலூரான் அறிவதற்குப் பரீட்சையைத் தவிர வேறு வழி ஏது?

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. பெண் நோயாளர்க்குப் பெண்ணே தொக்கணம் செய்யவேண்டியிருப்பதால், சிகிச்சை உதவியாளர் உத்தியோகத்தில் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் இடங்கள் தனித்தனியே ஒதுக்கப்படுகின்றன. 1926-ல் பதிவேட்டுக்கு வெளியே நின்ற மருத்துவச்சிகளின் பேத்திமார்களுக்கும் கொள்ளுப் பேத்திமார்களுக்கும் இதில் உரிமை உண்டு. விண்ணப்பங்கள் கோரப்படும் காலத்தை அரசாங்க விளம்பரத்திலேயே பார்க்கவேண்டும். தரகர் வார்த்தையை நம்பிப் பணம் கட்டவேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஜாதிச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் இப்பொழுதே சேகரித்து வைத்துக்கொள்க. ஜாதிச் சான்றிதழில் மருத்துவர், நாவிதர் முதலிய பெயர்களுள் தமது குடும்பத்துக்கு எது எழுதப்பட்டிருக்கிறதென்பதையும், தகப்பனார் சான்றிதழோடு அது ஒத்திருக்கிறதா வென்பதையும் முன்னதாகச் சரிபார்த்துக்கொள்வது அவசியம். ஓரெழுத்து மாறினாலும் தாலூகா ஆபீஸுக்குப் பல நடை நடக்க நேரிடும்.